தனிமையை ஒலியாலும் காட்சியாலும் உணர்த்துவது: வீவக வீட்டில் குறும்படம் எடுப்போருக்கு முழுமையான வழிகாட்டி

தனிமையைப் பற்றிக் குறும்படம் எடுக்க வரும் புதியவர்கள் பெரும்பாலும் கேமராவிலிருந்தே தொடங்குகிறார்கள். சன்னலோரத்தில் ஒருவர், வெளியே மழை, மெல்லிய பியானோ என்று படம் மனத்தில் முதலில் உருவாகிவிடுகிறது; ஒலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். படத்தொகுப்புக்கு உட்காரும்போதுதான், திரையில் இருப்பவர் தனியாக இருப்பது தெரிகிறதே ஒழிய அவருடைய தனிமை உணரப்படவில்லை என்பது புலப்படுகிறது.

இங்கே வரிசை வேறு. முதலில் தனிமைக்கான தடையைத் தீர்மானிக்க வேண்டும். அடுத்து ஒலிகளைப் பட்டியலிட வேண்டும். சட்டகங்கள் அதற்குப் பிறகுதான். ஒருவர் தனியே இருப்பதை ஒரே ஷாட் காட்டிவிடும், ஆனால் மற்றவர்கள் எவ்வளவு அருகில் இருந்தும் எட்டாமல் இருக்கிறார்கள் என்பதைச் சுவருக்கு அப்பாலிருந்து வரும் ஒலியால்தான் சொல்ல முடியும். அண்டை வீட்டோடு ஒரு சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழும் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு இதற்கு மிகவும் ஏற்ற இடம்.

## 1. யார், யாரிடமிருந்து, எதனால்

கதைச்சுருக்கம் எழுதுவதற்கு முன்பு ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். தனித்திருப்பவர் யார், அவரால் எட்ட முடியாதவர்கள் யார், இடையில் இருக்கும் தடை எது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். தடை கண்ணுக்கோ காதுக்கோ பிடிபடும் ஒன்றாக இருப்பது அவசியம்: கதவு, கண்ணாடி, வேலை நேரம், மொழி. மனப்பாரத்தை மைக் பதிவு செய்யாது. மூடிய கதவைப் பதிவு செய்யும்.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரு கற்பனைக் கதையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கு வேலை பார்க்கும் செவிலியர் ஒருவர் ஈசூன் வட்டாரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறார். இரவுப் பணி முடித்துக் காலையில் வந்து உறங்குவதால், அந்தக் குடும்பம் விழித்து நடமாடும் நேரமெல்லாம் அவர் கதவுக்கு உள்ளேயே இருக்கிறார். தடை கதவும் கடிகாரமும்தான். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருப்பதால், காலை எட்டரைக்கு அவர் அறைக்கு வரும்போது ஊரில் ஆறு மணி. அம்மா அப்போதுதான் வாசல் தெளித்துக்கொண்டிருப்பார்.

முதியவர் ஒருவர் சன்னல் வழியே வெறித்துப் பார்ப்பதைக் கதையாக எடுத்துக்கொள்வதே புதியவர்கள் அதிகம் செய்வது. அதில் தவறில்லை. ஆனால் முதல் சட்டகத்திலேயே பார்வையாளர் முழுவதையும் புரிந்துகொள்வதால், மீதி நேரத்தில் அவர் காது கொடுத்துக் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

ஒரே படத்தில் மொழி, நோய், கடன், பிரிவு என்று தடைகளை அடுக்குவதும் அடிக்கடி நடக்கிறது. எட்டுப் பத்து நிமிடப் படம் ஒரு தடையைத்தான் தாங்கும். இரண்டாவது வந்ததும் ஒவ்வொன்றையும் வசனத்தால் விளக்க வேண்டிய நிலை ஏற்படும்.

## 2. முன்கூட்டியே வேண்டியவை

ஷட்டர், ஐஎஸ்ஓ, வெள்ளைச் சமநிலை ஆகியவற்றைக் கையால் அமைக்கக்கூடிய எந்தக் கேமராவும் போதும். ஒலிக்குத் தனி ரெக்கார்டரும், பூம் கம்பில் பொருத்தும் மைக்கும், காதை முழுதாக மூடும் ஹெட்போனும் தேவை. பணம் குறைவாக இருந்தால் லென்ஸ் வாடகையைக் குறைத்து ஹெட்போனுக்குக் கொடுங்கள். பதிவாவது என்னவென்று கேட்க முடியாவிட்டால் மற்றக் கருவிகளால் பயனில்லை.

நேரெதிரே உள்ள ஒலியைக் குறிவைத்துப் பிடிக்கும் நீண்ட ஷாட்கன் மைக் சிறிய அறைக்குள் நன்றாக வேலை செய்யாது. ஓடு பதித்த தரையிலும் வெற்றுச் சுவரிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியை அது விநோதமான நிறத்தோடு பிடித்துத் தரும். முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் ஹைப்பர்கார்டியாய்ட் வகைச் சிறு மைக் கிடைத்தால் அதையே வாங்கிக்கொண்டு, கேமராவில் படாத இடங்களில் தடித்த போர்வைகளைத் தொங்கவிடுங்கள்.

ஒலிக்கென்று ஒருவரை ஒதுக்குங்கள். அவருக்கு வேறு வேலை தராதீர்கள். 'நீ பூமைப் பிடித்துக்கொண்டே விளக்கையும் பார்த்துக்கொள்' என்று சொன்ன இடத்திலேயே படத்தின் பாதி போய்விடுகிறது.

அனுமதிகளில் தாமதம் கூடாது. வீட்டுக்குள் எடுக்க வீட்டுக்காரர் சம்மதம் போதும், ஆனால் பொது நடைபாதை, மின்தூக்கிக் கூடம், புளோக்கின் (அடுக்குமாடிக் கட்டடத்தின்) கீழ்த்தளம் ஆகியவை நகர மன்றத்தின் பொறுப்பில் உள்ளவை. அங்கே எடுப்பதற்கு அதனிடம் கேட்க வேண்டும். எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) நிலையம் என்றால் ரயில் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். படத்தைப் பொதுவில் திரையிடுவதற்குத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வகைப்பாடு தேவைப்படும் என்பதால், அந்த வேலையை விழா ஏற்பாட்டாளர் பார்த்துக்கொள்வாரா நீங்களே பார்க்க வேண்டுமா என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

வானொலியிலிருந்து வரும் திரைப்பாடல் ஒன்று பின்னணியில் கேட்டால் கூட அதற்கு உரிமை வேண்டும். 'ஒலி' 96.8ஐ உண்மையாகவே ஓடவிட்டுப் பதிவு செய்துவிட்டு, விழாவுக்கு அனுப்பும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்கள் ஏராளம். நண்பர் ஒருவரை அறிவிப்பாளர்போல் பேசச் சொல்லிப் பதிவு செய்துகொள்வது எளிது.

## 3. இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தல்

இடம் பார்க்கப் போகும்போது முதலில் கேமராவை எடுக்காதீர்கள். படத்தில் வரும் நேரத்திலேயே அங்கே போய், கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்து, கேட்டதையெல்லாம் எழுதுங்கள். மாலையில் போய்ப் பார்த்து 'அமைதியான வீடு' என்று முடிவெடுத்துவிட்டு, பகலில் படம் எடுக்கும் நாளில் பக்கத்துப் பள்ளியின் மணியோடு போராடுவது வழக்கமான காட்சி.

ஒவ்வொரு ஒலிக்கும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது, நிறுத்த முடியுமா? விடிவதற்கு முன்பே தொடங்கும் குயிலையும், மாலையில் மரங்களில் அடையும் மைனாக் கூட்டத்தையும் யாராலும் நிறுத்த முடியாது. ஈசூனிலும் காத்திப்பிலும் ரயில் தரைக்கு மேலே பாலத்தில் ஓடுவதால், தண்டவாளத்தை ஒட்டிய புளோக்குகளில் சில நிமிட இடைவெளியில் அந்த ஒலி வந்துகொண்டே இருக்கும். நம் செவிலியர் கதைக்கு அது நல்லதே. ஊர் முழுவதும் வேலைக்குப் போகும் நேரத்தில் அவர் படுக்கப் போகிறார். வசனம் நிறைந்த கதை என்றால் அந்த வீடு வேண்டாம்.

மின்தூக்கிக் கூடத்தில் புதுப்பிப்புப் பணி அறிவிப்பு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மேல்மாடியில் ஓடு உடைக்கும் வேலை நடக்கும் வாரத்தில் எந்த மைக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் புதுப்பிப்புப் பணி செய்ய வீவக அனுமதிப்பதில்லை. ஆனால் அந்த நாள்களில் அண்டை வீட்டார் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

புளோக்கின் அமைப்பும் கதையை மாற்றும். பழைய நீள புளோக்குகளில் பொது நடைபாதையை ஒட்டியே அறைச் சன்னல் இருக்கும். கடந்து போவோரின் காலடியும் நிழலும் உள்ளே விழும். ஒரு மாடிக்குச் சில வீடுகளே உள்ள புதிய புளோக்குகளில் இது கிடைக்காது, அங்கே தனிமை வேறு மாதிரி: உயரமும் கண்ணாடியும், மிகத் தொலைவில் ஒரு சாலையின் இரைச்சலும். இரண்டில் எது உங்கள் ஒற்றை வாக்கியத்துக்குப் பொருந்துகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நண்பர் வீடு கிடைக்கிறது என்பதற்காக மட்டும் இடத்தை முடிவு செய்தால், கதையை வீட்டுக்கேற்ப வளைக்க வேண்டியிருக்கும்.

## 4. ஷாட் பட்டியலுக்கு முன் ஒலிப் பட்டியல்

மொத்த வேலையிலும் முக்கியமானது இதுதான். புதியவர்கள் தாண்டிப்போவதும் இதைத்தான். ஒரு தாளை மூன்று பத்திகளாகப் பிரியுங்கள்.

முதல் பத்தியில் அண்மை ஒலிகள்: தனித்திருப்பவர் தம் உடலாலும் கையாலும் உண்டாக்குபவை. காலுறையைக் கழற்றும் சத்தம், மாத்திரை அட்டை நெரியும் சத்தம், மேசைமேல் அதிரும் கைத்தொலைபேசி, போர்வைக்குள் மூச்சு. கூட்டத்தில் இருக்கும்போது எவருக்கும் தம் உடையின் உரசல் கேட்பதில்லை. அது கேட்கத் தொடங்குவதே தனித்திருப்பதன் அடையாளம்.

இரண்டாம் பத்தியில் தடைக்கு அப்பாலுள்ள ஒலிகள். கூடத்தில் மிக்சி, குக்கர் விசில், பிற்பகலில் பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கு அம்மா சொல்வதெழுதுதல் வைக்கும் குரல், கீழே பழைய பொருள்கள் வாங்க வரும் 'காருங்குனி'க்காரர் அடிக்கும் ஹாரன். இவை ஒவ்வொன்றும் யாரோ இருவர் சேர்ந்து வாழ்வதன் ஒலியாக இருக்குமாறு தேர்ந்தெடுங்கள். வெறும் போக்குவரத்து இரைச்சல் தனிமையைச் சொல்லாது. ஒருவர் சொல்லும் சொல்லுக்கு இன்னொருவர் பதில் தரும் ஒலி சொல்லும்.

மூன்றாம் பத்தியில் வராத ஒலி. பார்வையாளர் எதிர்பார்த்து, படம் தராமல் நிறுத்திவைக்கும் ஒன்று. நம் கதையில் அது கதவைத் தட்டும் ஒலி. குடும்பத்தார் நல்லவர்கள், உறங்குபவரை எழுப்பக் கூடாது என்றே தட்டுவதில்லை. காலடிகள் கதவுவரை வந்து நின்று திரும்பிப் போவதை இருமுறை கேட்கவைத்தால், தட்டப்படாத கதவு பார்வையாளரின் காதில் பெரிதாகிவிடும்.

இரண்டாம் பத்தியை எழுதும்போது சுவர் ஒலியை என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது உதவும். தாழ்ந்த அதிர்வெண்கள் சுவரையும் கதவையும் கடந்து வருகின்றன; உயர்ந்தவை பெருமளவு தடுக்கப்படுகின்றன. பேச்சில் மெய்யெழுத்துகளின் தெளிவு உயர்ந்த அதிர்வெண்களில் இருப்பதால், சுவருக்கு இப்பால் சொற்கள் கரைந்து குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் எஞ்சுகிறது. அம்மா சொல்லச் சொல்லப் பிள்ளை திருப்பிச் சொல்லும் இசையொழுங்கு தெரியும், என்ன சொல் என்பது தெரியாது. குடும்பம் தமிழிலேயே பேசினாலும் செவிலியருக்கு அது எட்டாமல் இருப்பதற்கு இதைவிடக் கச்சிதமான வழி எனக்குத் தெரியவில்லை.

குக்கர் விசில்போன்ற கூர்மையான ஒலி சுவரைவிடக் கதவின் அடியிடுக்கு வழியேதான் அதிகம் நுழைகிறது. இதைக் கதைக்குள் பயன்படுத்தலாம். செவிலியர் துண்டை மடித்து அந்த இடுக்கில் வைக்கிறார், விசிலின் கூர்மை மழுங்குகிறது. தடையைத் தம் கையாலேயே கட்டுகிறார் என்பது வசனமில்லாமல் புரிந்துவிடும். முடிவில் அந்தத் துண்டை அவரே எடுத்துவிடலாம், எடுக்காமலும் விடலாம். எதுவானாலும் தடையில் ஏற்படும் மாற்றம் காதுக்குத் தெரியும்படி ஒரே ஒரு இடத்தில் அமைத்துவிடுங்கள். அதுவே படத்தின் திருப்பம்.

பட்டியல் நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பத்தியிலும் ஐந்தாறு ஒலிகளுக்குமேல் வந்தால் எதுவும் நினைவில் நிற்காது. ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தருமாறு அமைப்பதே மேல்.

## 5. சட்டகங்களை அமைத்தல்

ஒலிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஷாட் பட்டியலை எழுதுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் எதிரே, அப்போது எந்தப் பத்தியின் ஒலி கேட்கிறது என்று குறியுங்கள். ஒலி ஏற்கெனவே சொல்லிவிட்டதைக் காட்சி மறுபடியும் சொல்லத் தேவையில்லை. கூடத்தில் சிரிப்பு கேட்கிறது என்றால், சிரிக்கும் முகங்களுக்கு வெட்டிப் போகாதீர்கள். கதவின் உட்புறத்தையே காட்டிக்கொண்டிருங்கள். பார்த்துவிட்டால் அவர்கள் எட்டிவிட்டார்கள் என்று ஆகிவிடும்.

லென்ஸ். அறை சிறியது என்பதற்காக மிக அகன்ற லென்ஸைப் போட்டால் அறை கூடம்போலத் தெரியும், நெருக்கடி போய்விடும். ஆளைச் சிறிதாகக் காட்டினால்தான் தனிமை என்று எண்ண வேண்டாம். நெருக்கமான லென்ஸில் முகத்தைச் சட்டகத்தின் ஓரத்தில் நிறுத்தி, அவர் பார்க்கும் திசையில் இடமே விடாமல் சுவரை வைத்தால், சிறிய அறையிலும் அதே உணர்வு கிடைக்கும்.

சட்டகத்துக்குள் சட்டகம். சன்னல் கம்பிகள், கதவு நிலை, மின்தூக்கிக் கதவின் கண்ணாடி ஆகியவை வீவக வீட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதனாலேயே எல்லாப் படத்திலும் கம்பிக்குப் பின்னால் ஒரு முகம் வருகிறது, சிறைபோன்ற பொருளும் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. நம் கதைக்குச் சிறை பொருந்தாது. கதவு நிலையே போதும். இருவர் ஒரே ஷாட்டில் இருந்து, நிலைச்சட்டம் அவர்களை இரண்டாகப் பிரித்தால், தனி ஆளைக் காட்டும் ஷாட்டைவிட அதற்கு வலு அதிகம்.

ஷாட்டின் நீளம். அவர் அறையை விட்டுப் போன பிறகும் கேமரா அங்கேயே சற்று நிற்கட்டும், ஆனால் காரணத்தோடு நிற்கட்டும்: அந்த இடைவெளியில் இரண்டாம் பத்தி ஒலி ஒன்று நடந்து முடிய வேண்டும். ஒலியில்லாத வெற்று ஷாட் வெறும் தாமதம். 'மெதுவாகப் போனால் ஆழம் வரும்' என்று நம்பி எடுத்த படங்களில் அரங்கம் முதலில் இழப்பது பொறுமையை.

வெளிச்சம். இங்கே சூரியன் நண்பகலில் ஏறக்குறைய தலைக்கு நேராக நிற்பதால் சன்னல் வழியே உள்ளே விழாது. திரைச்சீலை இடுக்கில் ஒரு வெயில் கோடு வேண்டும் என்றால், கிழக்குப் பார்த்த அறையில் காலை எட்டிலிருந்து பத்துக்குள் எடுங்கள். அந்தியும் இங்கே மிகக் குறுகியது. சூரியன் மறைந்து அரைமணிக்குள் இருட்டிவிடும் என்பதால் அந்திக் காட்சிக்கு முன்பே ஒத்திகை பார்த்துவிட வேண்டும்.

பகலில் உறங்குபவரின் அறைக்குக் கதவடி வெளிச்சம் முக்கியம். கூடத்து வெளிச்சம் ஒரு மெல்லிய கோடாக உள்ளே விழ, அதில் கால்களின் நிழல் வந்து நின்று விலகும். காலடி ஒலியும் நிழலும் ஒன்றாகச் சேரும் ஒரே இடம் இது என்பதால், பெரிய விளக்குகளைவிட இந்தக் கோட்டுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். நீல நிறத்தைப் பூசித் தனிமை என்று காட்டும் பழக்கத்தை விட்டுவிடலாம். கூடத்து விளக்கின் நிறம் ஒன்றாகவும் அறையின் நிறம் வேறாகவும் இருந்தாலே போதும்.

மினுக்கம். இங்குள்ள மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நடைபாதைக் குழல்விளக்குகளுக்குக் கீழே எடுக்கும்போது நொடிக்கு 25 சட்டகமும் 1/50 ஷட்டரும் வைத்தால் மினுக்கம் பெரும்பாலும் வராது. 1/60 என்ற இயல்பமைப்பை மாற்றாமல் எடுத்துவிட்டுப் பிறகு திருத்த முடியாமல் தவிப்பது மிகச் சாதாரணம்.

## 6. படப்பிடிப்பு நாளின் வரிசை

கேமராப் பையை முன்கூட்டியே குளிரூட்டிய இடத்திலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். குளிரூட்டிய அறையிலோ காரிலோ இருந்த லென்ஸ் நடைபாதையின் ஈரக் காற்றைத் தொட்டதும் பனித்துவிடும். பைக்குள்ளேயே வைத்து, வெளி வெப்பத்துக்குப் பழகவிட்டுப் பிறகு பையைத் திறந்துகொள்ளுங்கள். துடைத்துத் துடைத்து எடுத்தால் மறுபடியும் பனிக்கும்.

இரையும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். குளிரூட்டி, மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, மீன்தொட்டி மோட்டார். வியர்க்கும், அதற்காக இடைவேளைகளை அடிக்கடி விடுங்கள். குளிர்பதனப் பெட்டியை நிறுத்தியதும் உங்கள் வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது பழைய உத்தி. சாவியை எடுக்கும்போது பெட்டியைத் திரும்பப் போட வேண்டும் என்பது நினைவுக்கு வந்துவிடும். காட்சியில் விசிறியின் ஒலி தேவை என்றாலும் நிறுத்திவிட்டே வசனத்தை எடுங்கள், விசிறியைத் தனியே பதிவு செய்து பின்னர் சேர்க்கலாம். ஒன்றாகப் பதிவானதைப் பிரிப்பது எளிதல்ல.

பதிவின் அளவு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உரத்த இடங்கள் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும். மெல்லிய ஒலிகள் நிறைந்த படத்தில் அளவைத் தானே ஏற்றி இறக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒருவர் பேசி நிறுத்தியதும் அது அறையின் இரைச்சலை மேலே தூக்கிக்கொண்டு வரும், நீங்கள் கட்டிய அமைதி கெட்டுவிடும்.

அறையொலி. ஒவ்வொரு இடத்திலும் அனைவரும் அசையாமல் நிற்க, குறைந்தது ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். காட்சி முடிந்தவுடன், விளக்கும் ஆள்களும் அதே இடத்தில் இருக்கும்போதே செய்ய வேண்டும். ஆள்கள் வெளியேறினால் அறையின் ஒலியும் மாறிவிடும். தனிமையைச் சொல்லும் படத்தில் மிக அதிகமாகப் பயன்படப்போவது இந்த ஒரு நிமிடம்தான், ஆனால் சாப்பாடு வந்துவிட்டது என்ற குரல் கேட்டதும் எல்லாரும் தாண்டிவிடுவதும் இதையே.

தடைக்கு அப்பாலுள்ள ஒலிகளை உண்மையான தடைக்குப் பின்னாலிருந்து பதிவு செய்யுங்கள். நடிகர்களைக் கூடத்தில் பேசச் சொல்லி, கதவை மூடி, மைக்கை அறைக்குள் கட்டிலருகே வையுங்கள். அவர்கள் அன்று வர முடியாவிட்டால், முன்பே எடுத்த பதிவை ஒரு நல்ல ஒலிபெருக்கியில் கூடத்தில் இயல்பான பேச்சளவில் ஓடவிட்டு, அறைக்குள்ளிருந்து மறுபடி பதிவு செய்யுங்கள். மென்பொருளில் உயர்ந்த அதிர்வெண்களை வெட்டியும் இதைப் போலச் செய்யலாம். ஆனால் கதவுப் பலகையின் மெல்லிய அதிர்வும் அந்த அறையின் எதிரொலியும் அதில் கிடைப்பதில்லை, காது அதை உடனே கண்டுபிடித்துவிடும்.

அதே பேச்சைக் கதவு திறந்தபடியும், கதவு மூடி இடுக்கில் துண்டு வைத்தபடியும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நிலைகளும் கையில் இருந்தால்தான் படத்தொகுப்பில் தடையைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

தொலைபேசிப் பேச்சு. அம்மாவாக நடிப்பவரை வேறு அறையிலிருந்து உண்மையாகவே அழைத்துப் பேசச் செய்யுங்கள். செவிலியராக நடிப்பவர் பதிலுக்குக் காத்திருக்கும் சிறு இடைவெளிகள் அப்போதுதான் இயல்பாக வரும். அம்மாவின் குரலைத் தனியே தெளிவாகவும் பதிவு செய்துகொள்ளுங்கள். பார்வையாளருக்கு அதைக் கேட்கவைப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். கேட்காமல் விட்டு, 'சாப்பிட்டேன்மா' என்ற பதிலை மட்டும் தந்தால் போதும் என்பது என் கருத்து.

## 7. படத்தொகுப்பும் ஒலித்தொகுப்பும்

முதல் தொகுப்பில் இசையை வைக்காதீர்கள். இசை இருந்தால் எந்த ஷாட்டும் பொருளுள்ளதுபோலத் தோன்றும். எது வேலை செய்யவில்லை என்பது தெரியாமல் போகும். முழுப் படமும் இசையின்றி நின்ற பிறகு, வேண்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் வேண்டியிருக்காது.

அமைதி வேண்டிய இடத்தில் ஒலித்தடத்தை முற்றிலும் வெறுமையாக்க வேண்டாம். அரங்கில் அது கருவி பழுதானதுபோல் கேட்கும், ஆள்கள் தலையைத் திருப்பி ஒலிபெருக்கியைப் பார்ப்பார்கள். அறையொலியைக் கீழே ஓடவிட்டு, அதன்மேல் இருக்கும் அடுக்குகளில் ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள். மிக்சி நின்றதும்தான் அது இவ்வளவு நேரம் ஓடியது தெரியும். அமைதியை உணர்த்த அதற்கு முந்திய ஒலி கட்டாயம் வேண்டும்.

தொலைவைச் சொல்ல ஒலியின் அளவை மட்டும் குறைப்பது போதாது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும், ஆனால் அறைக்குள் எதிரொலியின் பங்கும் சேர்ந்து கூடும். அளவு குறைந்தும் எதிரொலி இல்லாமலும் இருக்கும் குரல், தொலைவில் இருப்பவரின் குரலாகக் கேட்காது; அருகில் நின்று மெல்லப் பேசுபவரின் குரலாகவே கேட்கும்.

காட்சியும் ஒலியும் ஒரே தொலைவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. செவிலியர் நடைபாதையின் கோடியில் சிறிதாக நடந்து வரும்போது அவருடைய மூச்சு காதருகே கேட்டால், நாம் அவருக்கு உள்ளேயும் உலகம் வெளியேயும் இருக்கிறது. மாறாக, முகம் திரை நிறைய இருக்கும்போது கூடத்து ஒலி மட்டும் கேட்டால், அவர் மனம் எங்கே இருக்கிறது என்பது தெரியும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால் குழப்பமே மிஞ்சும். முதல் பாதிக்கு ஒன்று, துண்டு நிகழ்வுக்குப் பிறகு மற்றொன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வசன வரிகளில் ஒரு பொறி இருக்கிறது. நம் படங்கள் இங்கே பல மொழியினர் அமர்ந்திருக்கும் அரங்கில் ஓடுவதால் ஆங்கில வரிகள் தேவைப்படுகின்றன. அதைத் தயாரிப்பவர் கடமையுணர்வோடு சுவருக்கு அப்பாலுள்ள பேச்சையும் மொழிபெயர்த்துத் திரையில் போட்டுவிடுவார். அந்த நொடியே சுவர் இல்லாமல் போய்விடும். செவிலியருக்குத் தெளிவாகக் கேட்பவற்றுக்கு மட்டுமே வரிகள் என்ற விதியை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

## 8. சோதித்துப் பார்த்தல்

படத்தை ஒலியில்லாமல் ஒருமுறை ஓடவிடுங்கள். கதை முழுவதும் புரிந்துவிட்டால் காட்சிகள் தேவைக்குமேல் சொல்கின்றன என்று பொருள். சில ஷாட்களை எடுத்துவிடலாம். பிறகு திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். எத்தனை பேர் அந்த வீட்டில் இருக்கிறார்கள், யார் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பது தெரிய வேண்டும்.

கதை தெரியாத இருவரைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டுங்கள். 'சோகமாக இருந்ததா?' என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆம் என்றே சொல்வார்கள். 'யாராவது கதவைத் தட்டியிருந்தால் அவர் திறந்திருப்பாரா?' என்று கேளுங்கள். இருவரும் தயங்காமல் ஏதாவது ஒரு பதில் சொன்னால், வராத ஒலி அவர்களை எட்டியிருக்கிறது. 'எந்தக் கதவு?' என்று கேட்டால், காலடிகளின் அளவை உயர்த்தியோ கதவடிக் கோட்டின் ஷாட்டை நீட்டியோ மறுபடி தொகுக்க வேண்டும்.

ஹெட்போனில் கச்சிதமாக அமைத்த மெல்லிய அடுக்குகள் கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியில் காணாமல் போய்விடும். தாழ்ந்த அதிர்வெண்களை அது தருவதே இல்லை. இணையத்துக்கான பிரதியில் சுவருக்கு அப்பாலுள்ள குரல்களில் நடு அதிர்வெண்களைச் சற்று மீட்டுக்கொடுங்கள். அரங்கத்துக்கான பிரதி வேறு. அங்கே குளிரூட்டியின் இரைச்சல் எப்போதும் இருக்கும் என்பதால், அறையொலியையும் சுவர்க் குரலையும் இரண்டு மூன்று டெசிபல் கூட்டித் தனிக் கோப்பாக எடுத்துவையுங்கள். திரையிடல் நாளில் முன்னதாகவே போய், வசனப் பகுதியை விட்டுவிட்டுத் துண்டு வைக்கும் காட்சியை மட்டும் ஓடவிடச் சொல்லி, கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்ட பிறகு எந்தக் கோப்பைக் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.